மாதாவுக்கு அலுத்த வருடம்

மூப்பர் என்னைத் தேடி நிலவறைச் சமையலறைக்கு வந்தபோது நான் கஞ்சிக் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மேலே கோவிலில் சிலுவைப்பாதை முடிந்திருந்தது. சனம் கீழே வந்து கஞ்சி குடித்துவிட்டு, குவிந்து கிடந்த ஈர ஜக்கெற்றுகளுக்குள் தங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கோவில் நோர்வேஜியக் கத்தோலிக்கருடையது. அவர்களுடைய பூசைகள் முடிந்த பிறகு மாலையில் எங்களுக்குத் தருவார்கள். நிலவறையில் எப்போதும் கோப்பி மணமும் நனைந்த கம்பளி மணமும் இருக்கும். அன்று தேங்காய்ப்பால் மணமும் சேர்ந்திருந்தது.

மூப்பர் என்றதும் வயதில் பழுத்த ஒருவரை நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அப்போது ஐம்பது இருக்கும். எங்கள் ஊர்க் கோவிலில் சுவாமியாருக்கு அடுத்த ஆள் மூப்பர். கோவில் பூட்டுத் திறப்பு அவரிடம், மணிக் கயிறு அவரிடம், யார் எதைப் படிப்பது என்ற சொல்லும் அவரிடம். ஒஸ்லோவில் திறப்பும் மணியும் நோர்வேஜியரிடம் இருந்தன. மிஞ்சிய ஒன்றை இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கையைத் துடை," என்றார்.

துடைத்தேன். பிளாஸ்ரிக் உறைக்குள்ளிருந்து சில தாள்களை எடுத்துத் தந்தார். ஓரம் பழுத்த, கையெழுத்துப் பிரதியின் போட்டோக் கொப்பி. முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பசாம்.

பெரிய வெள்ளியன்று, சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் வைத்துக்கொண்டு தேவமாதா அழுகிற புலம்பல் அது. எங்கள் தீவில் பூசையை விடப் பசாமுக்குத்தான் சனம் கூடும். ஒருத்தி முன்னால் நின்று வரியைப் பாடுவாள். அது முற்பாட்டு. மற்றவர்கள் பின்னால் நின்று ஏந்திச் சொல்வார்கள். அது பிற்பாட்டு.

அதுவரை ஒஸ்லோவில் முற்பாட்டுப் பாடிவந்த மூப்பரின் தமக்கை அந்தக் குளிர்காலத்தில்தான் கனடாவுக்கு, மகனிடம் போய்விட்டிருந்தார். இடம் வெறுமையாக இருந்தது. கோவிலுக்கு வருகிற இளம் பெண்களில் தமிழ் எழுத்தைத் தடக்காமல் வாசிக்கக் கூடியவள் நான் ஒருத்தி. குரலும் உண்டு. அடக்கத்துக்காக இதை மறைக்க நான் விரும்பவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களில் எனக்கு முன்பு யாரும் பஸ்ஸின் நெற்றிப் பலகையைக்கூட வாசித்ததில்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன்.

"எப்பயிருந்து பழகோணும் மாமா?" என்று கேட்டேன்.

"என்னத்தைப் பழகிறது?" என்றார் மூப்பர். பிறகுதான் நான் கேட்டது அவருக்கு விளங்கியது. சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை தகப்பனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிப்போமே, அது. "இல்லைப் பிள்ளை. இதை நோர்வேஜிய எழுத்திலை எழுதித் தா. கிறிஸ்டிக்குத் தமிழ் வாசிக்க வராதெல்லே."

கிறிஸ்டி அவருடைய மகள். பதினேழு வயது.

நான் குழாயைப் பூட்ட மறந்திருந்தேன். கிடாரம் நிரம்பி என் சப்பாத்துக்குள் வழிந்தது.

இரண்டு சொல்

எங்கள் ஊர்க் கோவிலுக்கு இரண்டு பக்கம். கடற்கரைப் பக்கம், கிணற்றடிப் பக்கம். நாங்கள் கிணற்றடி.

சாதியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒஸ்லோவிலும் யாரும் அதைக் கேட்பதில்லை. "ஊரிலை கோவிலுக்கு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள், ஏதோ பஸ் தரிப்பிடத்துக்கு வழி கேட்பதுபோல. கிணற்றடி என்று சொன்னதும் "ஆ" என்பார்கள். அந்த "ஆ"வுக்குப் பிறகு கோப்பி வரும், பலகாரம் வரும், சிரிப்பும் வரும். சம்பந்தம் மட்டும் வராது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரின் இரண்டாவது கிழமையே ஒரு வாசகர் தொலைபேசியில் என்னைப் பிடித்தார். "தங்கச்சி, உதெல்லாம் இப்ப இல்லை. ஏன் கிளறுறீர்?" என்றார். அவர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். தொடர்பு விட்டுப்போனது.

முற்பாட்டு மூப்பர் வீட்டுப் பெண்களுக்கு உரியது. பசாமை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. மூப்பர் வீட்டார் தங்கள் பாட்டனாரின் பாட்டனார் என்பார்கள். இருக்கலாம். ஓலையில் இருந்ததைக் கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியைத் துணியில் சுற்றி, பீடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் பெட்டியைக் கண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு உரியது பிற்பாட்டு. மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது, எங்கள் கோவிலில் பின்கதவடியில் நிற்கும் கிணற்றடிப் பெண்கள்தான் அதைச் சொல்ல வேண்டும். பிற்பாட்டு இரண்டு சொல்.

ஐயோ மகனே.

முற்பாட்டுக்காரி ஒரு வரி பாடுவாள், என் அம்மா "ஐயோ மகனே" என்பாள். அடுத்த வரி, மறுபடியும் "ஐயோ மகனே". அம்மாவுக்கு முன்பு அவளுடைய தாய், அதற்கு முன்பு தாயின் தாய். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் இலக்கியத்துக்குச் செய்த பங்களிப்பு அந்த இரண்டு சொல்தான்.

பிறந்த நாளிலிருந்து கேட்ட பாட்டு அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் சமையலறையில் தனியாக நிற்கும்போதுகூட அவள் முற்பாட்டு வரி ஒன்றை முணுமுணுத்து நான் கேட்டதில்லை. சின்ன வயதில் ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டேன். "அது எங்கடை இல்லை," என்றாள், கொடியில் காயும் அடுத்த வீட்டுச் சேலையைப் பற்றிச் சொல்வதுபோல.

வரி இல்லாத பாட்டு

அப்பா நோர்வேக்கு வந்தது எண்பதுகளில். நேரே வடக்கே, பாட்ஸ்பியோர்ட்டுக்கு. மீனைத் துண்டு போடும் தொழிற்சாலை. பிறகு அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தோம். நான் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளை.

அங்கே மூப்பரும் அப்பாவும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டினார்கள். ஒரே வெள்ளை அங்கி, ஒரே தலைவலை, ஒரே கத்தி. மீனுக்குக் கடற்கரையும் தெரியாது, கிணற்றடியும் தெரியாது. வேலை முடிந்து வந்தால் இரண்டு பேரின் கையும் ஒரே மாதிரி நாறும். ஆனால் அப்பா அவரை "ஐயா" என்றார். அவர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நோர்வேஜிய மேற்பார்வையாளர் இரண்டு பேரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூப்பர் வீட்டார் முதலில் ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். எங்கள் ஊர்ச் சனத்தில் கிணற்றடி ஆட்கள் மட்டும் மிஞ்சினோம். பெரிய வெள்ளி வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். ஒரு சிலுவை, ஒரு மெழுகுதிரி, கம்பளிக் காலுறைகளோடு முழங்காலில் பெண்கள். வெளியே காற்று சுவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"முற்பாட்டு ஆர்?" என்று ஒரு மாமி கேட்டாள்.

"ஏன், நாங்களே பாடுவம்," என்றார் அப்பா. "இஞ்சை ஆர் வந்து மறிக்கப் போறது?"

"அவையள் இல்லாத நேரத்திலை அவையின்ரை பொருளை எடுக்கிறதோ?" என்றாள் அம்மா.

பிறகு அம்மா கண்ணை மூடினாள். ஒரு வரி பாடி முடிக்கிற அளவு நேரம் பேசாமல் இருந்துவிட்டு "ஐயோ மகனே" என்றாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மறுபடி ஒரு வரி அளவுக்கு மௌனம். மறுபடி "ஐயோ மகனே". இப்படியே முழுப் பசாமும் நடந்தது. வரி இல்லாத பாட்டு. மௌனத்தில் பனி தள்ளும் வாகனம் தெருவில் போகிற சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு நோர்வேஜிய அம்மா கேக் கொண்டு வந்தவர் கதவடியில் நின்று கேட்டார். கண் கலங்கி, இவ்வளவு மௌனம் உள்ள பாட்டைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். அம்மா "தூசன் தக்" என்று நோர்வேஜியத்தில் நன்றி சொல்லிக் கேக்கை வாங்கிக்கொண்டாள். அப்பா எழும்பி வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு அப்பா பசாமுக்கு வந்ததே இல்லை. ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கியபின் பெரிய வெள்ளியில் எப்படியாவது வேலை கேட்டு எடுப்பார். "கலண்டரிலை சிவப்பு நாள், இரட்டைச் சம்பளம்," என்பார். வளர்ந்த பிறகுதான் எனக்குக் காரணம் விளங்கியது.

புள்ளிகள்

தாள்களை ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா கை கழுவி, கும்பிட்டு, அவற்றை வாங்கி மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தாள். அன்றிரவு அந்த மேசையில் கோப்பிக் கோப்பை வைக்கக்கூட என்னை விடவில்லை.

நான் வாசித்தேன். காதால் கேட்டதைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஓர் இடத்தில் மாதா கேட்கிறாள்:

*தச்சன் மகனென்றோ தடிமரத்தைத் தந்தாரோ*
*எச்சில் உமிழ்ந்தவர்க்கும் இரங்கிநீ நின்றாயோ*

தச்சனின் மகன் என்பதற்காகத்தான் இந்த மரத்தைத் தூக்கக் கொடுத்தார்களா என்று ஒரு தாய் கேட்கிறாள். தகப்பனின் தொழிலைப் பார்த்துப் பிள்ளையின் தோளில் சுமையை ஏற்றினார்களா என்று கேட்கிறாள். இந்த வரியைத் தலைமுறை தலைமுறையாக முன்னால் நின்று உருகி உருகிப் பாடியிருக்கிறார்கள். பாடி முடித்துத் திரும்பும்போது பின்கதவடியில் நிற்கிறவர்கள் கண்ணில் படவில்லை. எழுதியவர் உண்மையிலேயே மூப்பர் வீட்டுப் பாட்டனாரின் பாட்டனார்தான் என்றால், அவரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைத்ததில் அந்த வீட்டாருக்கு ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

நோர்வேஜிய எழுத்தில் தமிழை எழுதுவது லேசான வேலை இல்லை. ழகரத்துக்கு அங்கே எழுத்து இல்லை, ளகரத்துக்கும் இல்லை. இருப்பது ஒரே ஒரு லகரம். ஆகவே ளகரத்துக்கு அதன் கீழே ஒரு புள்ளி, ழகரத்துக்கு இரண்டு புள்ளி என்று ஒரு முறை வகுத்து, கடைசித் தாளில் விளக்கமும் எழுதினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பாடப்போவது நான் இல்லை என்பதற்காகத் தமிழைக் கெடுத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஹவுகெட்டோவில் மூப்பர் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். கிறிஸ்டி சோபாவில் கால் நீட்டிப் படுத்து, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையைத் தூக்கி "ஹாய் அக்கா" என்றாள். நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை.

"என்ன பிள்ளை, அம்மை போட்ட மாதிரிப் புள்ளி புள்ளியாக் கிடக்கு?" என்றார் மூப்பர்.

விளக்கினேன்.

"சனம் அழுகிற நேரத்திலை ஆர் ழானா பாக்கிறது?"

"ழானா இல்லாட்டி அழுகிறதையே சொல்லேலாது மாமா," என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிவு வந்தது. கேட்டுவிட்டேன். "மாமா, நான் பாடட்டோ? எழுத்து எனக்கு எழுதித் தர வேண்டியதில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

"நீ படிச்சனி," என்றார் மெல்ல. "நாளைக்கு நோர்வேஜியப் பள்ளிக்கூடத்திலை நிண்டு படிப்பிப்பாய். உனக்கு எத்தினை வழி கிடக்கு. நான் ஊரிலை மூப்பர், இஞ்சை ஆசுபத்திரியிலை நிலம் துடைக்கிறன். காணி போயிட்டுது, வீடு போயிட்டுது, கோவிலும் ஷெல் விழுந்து கூரை இல்லாமல் நிக்குது. எங்கடை வீட்டிலை மிஞ்சினது உந்தப் பாட்டு ஒண்டுதான். அதையும் நீ எடுக்கப் போறியோ?"

எங்களிடம் இல்லாத ஒன்றை நான் கேட்டேன், அவர் தன்னிடம் திருட வந்தவளாக என்னை ஆக்கிவிட்டார். அதையும் கண் கலங்கச் செய்தார். வாசலில் என் சப்பாத்தின் நாடாவைக் கட்டி முடிக்க வெகுநேரம் எடுத்தது.

பெரிய வெள்ளி

அந்த வருடம் பெரிய வெள்ளி ஏப்ரலில் வந்தது. பனி கரைந்திருந்தது. நடைபாதைகளில் குளிர்காலத்துக்குத் தூவிய கல்லுத் தூள் இன்னும் அள்ளப்படவில்லை. கோவிலுக்கு நடக்கும்போது கறுப்பு உடுப்புக்காரர் எல்லோரின் காலடியிலும் அது நெறுநெறுவென்றது.

அம்மாவும் நானும் பின்வரிசையில் நின்றோம். ஒஸ்லோவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், மறிக்க யாரும் இல்லை. ஆனாலும் அம்மாவின் கால்கள் தாமாகவே கதவடிக்குப் போகும்.

கிறிஸ்டி நீலப் போர்வை போர்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் தாள். விளக்குகளை அணைத்தார்கள். அவளுடைய குரல் நன்றாகத்தான் இருந்தது, நோர்வேஜியப் பாடசாலைப் பாடகர் குழுவில் பழகிய, நேராகப் போகிற குரல். முதல் வரிகளில் பிழையில்லை. தச்சன் மகன் வரியும் வந்து போனது. அம்மா "ஐயோ மகனே" என்றாள்.

பிறகு அந்த இடம் வந்தது. ஏட்டில் இருப்பது இது:

*பொழுதெல்லாம் உன்முகமே பார்த்திருந்து அழுதேனே*

கிறிஸ்டி பாடினாள்:

"பொலுதெல்லாம் உன்முகமே பார்த்திருந்து அலுத்தேனே."

எனக்குக் காது சுட்டது. நோர்வேஜியரின் 'த' எழுத்து அழுத்தி விழுகிற எழுத்து. லகரமும் அதுவுமாகச் சேர்ந்து மாதாவின் வாயில் வேறொரு சொல்லை வைத்துவிட்டன. நாள் முழுக்க உன் முகத்தையே பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு மகனே என்று தேவமாதா, இறந்த மகனைப் பார்த்து, ஒஸ்லோவில் அறிவித்தாள்.

என் முன்வரிசையில் இரண்டு பெண்களின் தோள் குலுங்கியது. அழுகை என்றுதான் நினைத்தேன். ஒருத்தி மற்றவளின் காதில், "என்ரை மூத்தவனைப் பாத்து நானும் இதைத்தானடி சொல்லுறனான்," என்றாள். சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள்.

"ஐயோ மகனே," என்றாள் அம்மா, அசையாமல்.

பசாம் முடிந்து நிலவறைக்கு இறங்கியபோது கிறிஸ்டியின் தாளை வாங்கிப் பார்த்தேன். என் எழுத்து இல்லை. யாரோ கணினியில் திரும்பத் தட்டி எடுத்த பிரதி. புள்ளி ஒன்றுகூட இல்லை. "புள்ளியைப் பாத்து எனக்குக் குழம்பிச்சுது அக்கா, அப்பா எடுத்துவிட்டவர்," என்றாள் கிறிஸ்டி.

அதற்குள் சிரிப்பு நிலவறை முழுக்கப் பரவியிருந்தது. மூப்பரின் முகம் கறுத்திருந்தது. நேரே எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"திரேசு, உன்ரை பிள்ளை எழுதினதிலை பிழை. பார், சனம் சிரிக்குது."

அம்மா அவரை விட இரண்டு வயது மூத்தவள். நான் வாயைத் திறந்தேன். என் கையில் அந்தத் தாள் இருந்தது. புள்ளிகள் எங்கே போயின என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருப்பேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் வெட்டிய கை, பிடித்தால் விடாது.

"ஓம் ஐயா," என்றாள். "பிள்ளை பிழை விட்டிட்டுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ட்வெய்ட்டாவுக்கு ரயிலில் வரும்போது நான் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் பிழை விடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகு?"

"அந்தத் தாள் எங்கடை வீட்டிலை ரெண்டு கிழமை இருந்ததெல்லே," என்றாள் அம்மா. "ஊரிலை எங்கடை ஆக்கள் அதைக் கண்ணாலை கண்டதில்லை. நீ அவரோடை கொழுவினா, அடுத்த முறை உன்னட்டைத் தருவினமோ?"

நான் பிழைகாரியாக்கப்பட்ட அந்த நாள் அவளுக்கு ஒரு வெற்றி. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போயிருப்பேன்.

அடுத்த வருடம்

அடுத்த வருடம், பிழை திருத்தி எழுதித் தரச் சொல்லி மூப்பர் ஆளனுப்பியபோது மாட்டேன் என்றேன். அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவர்களும் சிரமப்படவில்லை. புள்ளியில்லாத அதே தாளைப் பிரதி எடுத்தார்கள். அதற்குள் சனத்துக்கும் அது பழகிவிட்டிருந்தது. தவக்காலக் கஞ்சிக்கு வந்த சின்னப் பிள்ளைகள் "அலுத்தேனே, அலுத்தேனே" என்று படிகளில் பாடிக்கொண்டு ஓடின. யாரும் திருத்தவில்லை.

பெரிய வெள்ளி மாலை, பசாம் தொடங்கச் சற்று முன்பு, கிறிஸ்டி நீலப் போர்வையோடு பின்வரிசைக்கு என்னைத் தேடி வந்தாள். தாளைக் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, போன வருசம் எல்லாரும் ஏன் சிரிச்சவை? அப்பா சொல்லுறார் இல்லை. இந்தச் சொல் என்ன?"

சொன்னேன். இருக்க வேண்டிய சொல் என்ன, அவள் பாடிய சொல் என்ன என்று இரண்டையும் நோர்வேஜியத்தில் சொன்னேன்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கண் விரிந்து சிரித்தாள். "அப்ப மாதா எர்லி," என்றாள். நேர்மையானவள் என்பதற்கு நோர்வேஜியச் சொல் அது. "எனக்கும் அலுத்திட்டுது அக்கா. உண்மையா. எனக்கு இதிலை ஒண்டுமே விளங்கிறேல்லை. அப்பாக்காகத்தான் பாடுறன்." தாளை என் பக்கம் நீட்டினாள். "நீங்கள் பாடுங்கோவன். நான் தாறன். அப்பாட்டை நான் கதைக்கிறன், அவர் எனக்கு ஓம் எண்டுவார்."

நீலப் போர்வையின் ஊசியைக் கழற்றவும் தொடங்கிவிட்டாள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் அன்று ஒஸ்லோவில் மாதா சரியான தமிழில் அழுதிருப்பாள். தச்சன் மகன் வரியை எந்த இடத்தில் நிறுத்தி, யாரைப் பார்த்துப் பாட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடமாகக் குளியலறையில் பாடியிருந்தேன்.

ஆனால் அவள் "தாறன்" என்றாள். அவளிடம் அது இருந்தது. விளங்காத, வேண்டாத, அலுத்துப்போன ஒன்றாக இருந்தாலும் கொடுப்பதற்கு அவளிடம் இருந்தது. மீந்த சாப்பாட்டைக் கட்டித் தருவதுபோல அவள் தந்தாள், நல்ல மனதோடு. நான் படித்த படிப்பெல்லாம் அந்த நீட்டிய கைக்குக் கீழே என் கையைக் கொண்டுபோவதற்காக இல்லை.

"வேண்டாம் கிறிஸ்டி. நீயே பாடு," என்றேன்.

"ஷூர்?"

"ஓம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஊசியைத் திரும்பக் குத்திக்கொண்டு முன்னால் போனாள். விளக்குகள் அணையத் தொடங்கின.

"அந்தப் பிள்ளை என்ன கேட்டது?" என்றாள் அம்மா. முதலில் ஒன்றுமில்லை என்றேன். அம்மா விடவில்லை. "உன்னைப் பாடச் சொல்லிக் கேட்டதோ?"

"ஓம். நான் மாட்டன் எண்டிட்டன்."

அம்மா பெருமூச்சு விட்டாள். மனவருத்தம் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே இருந்தது ஆறுதல். பெரிய ஆபத்து ஒன்று வாசல்வரை வந்து திரும்பிப் போனவளின் ஆறுதல்.

"நல்ல வேலை செய்தாய்," என்றாள் என் காதில். "நீ முன்னுக்குப் போனா, பின்னுக்கு ஆர் நிக்கிறது?"

முன்னால் கிறிஸ்டி முதல் வரியைத் தொடங்கிவிட்டாள். அம்மா சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டு, கண்ணை மூடி, தன்னுடைய இரண்டு சொல்லுக்காக மூச்சை உள்ளே இழுத்தாள்.